ஓதாதுணர்ந்தவர் ஊரில் ஓத இயலாதவர்கள்

வடலூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் முன்பே கேட்டுவிடுகிற கதை ஒன்று உண்டு. சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823ஆம் ஆண்டு பிறந்த இராமலிங்கம் கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தை இராமையா பிள்ளை இறந்துபோனார். ஊர்க் கணக்குப் பார்த்ததோடு பிள்ளைகளுக்குப் பாடமும் சொன்னவர் அவர். குடும்பம் பொன்னேரிப் பக்கம் போய், பிறகு சென்னை ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளைத் தெருவில் குடியேறியது. மூத்த அண்ணன் சபாபதி புராணச் சொற்பொழிவு செய்து குடும்பம் நடத்தினார். தம்பிக்குத் தாமே பாடம் சொல்லிப் பார்த்தார், பையன் உட்காரவில்லை. தம் ஆசிரியராகிய காஞ்சிபுரம் மகாவித்துவான் சபாபதி முதலியாரிடம் அனுப்பினார். பையன் கந்தகோட்டத்துக்குப் போய்ப் பாடிக்கொண்டிருந்தான். அங்கே அவன் பாடக் கேட்ட முதலியார், இவனுக்குக் கற்பிக்க நம்மிடம் ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டார். அண்ணனுக்கோ கோபம். இவனுக்குச் சோறு போடாதே என்று மனைவிக்குக் கட்டளையிட்டார். அண்ணி பாப்பாத்தி அம்மாள் கணவர் அறியாமல் கொல்லைப்புறமாகச் சோறிட்டார். அண்ணியின் கண்ணீருக்கு இணங்கி, தனியறை ஒன்று கொடுத்தால் படிக்கிறேன் என்று சொன்ன சிறுவன், அறையின் சுவரில் ஒரு கண்ணாடியை மாட்டி, விளக்கேற்றி வைத்து, அதன்முன் அமர்ந்தான். பின்னர் ஒருநாள் அண்ணனுக்கு உடல் நலமில்லாதபோது, அவர் இடத்தில் அமர்ந்து பெரியபுராணம் சொல்லிக் கேட்டவர்களை வியக்க வைத்தான்.

வள்ளலார் ஓதாதுணர்ந்தவர் என்பதற்கு இக்கதை சான்றாகச் சொல்லப்படுகிறது. அதில் எனக்கு வழக்கில்லை. இன்றைய மருத்துவச் சொல் ஒன்றை எடுத்து அவர்மீது ஒட்டுகிற விளையாட்டிலும் எனக்கு விருப்பமில்லை. 1851இல் ஒழிவிலொடுக்கத்தைப் பதிப்பித்தவருக்கு, ஆயிரக்கணக்கான பாடல்களையும் தெளிந்த உரைநடையையும் எழுதியவருக்கு, எழுத்தோடு பகை இருந்திருக்க முடியாது. நான் கேட்பது வேறு. இதே தெருவில், இதே ஆண்டுகளில், இதேபோல் பாடத்தின்முன் உட்கார முடியாமல் தவித்து, ஆனால் கந்தகோட்டத்தில் பாடத் தெரியாத இன்னொரு பையன் இருந்திருந்தால் அவனுக்கு என்ன நேர்ந்திருக்கும்? சோறு போடாதே என்ற கட்டளை அவனுக்கும் கிடைத்திருக்கும். மகாவித்துவானின் மன்னிப்பு கிடைத்திருக்காது.

நம் இலக்கிய மரபு இத்தகைய பையன்களைப் பற்றி அடிக்கடி பேசியிருக்கிறது என்பதை நாம் கவனிப்பதில்லை. குமரகுருபரர் ஐந்து வயதுவரை பேசாதிருந்து திருச்செந்தூரில் வாய் திறந்தார் என்கிறோம். மடைப்பள்ளியில் வேலை பார்த்த காளமேகத்துக்குத் திருவானைக்காவில் அம்பிகை தாம்பூலம் உமிழ்ந்தாள் என்கிறோம். காளிதாசன் கதையும் அதே வார்ப்பு. பேசாதவன், மந்தமானவன், படிப்பு வராதவன் ஆகியோருக்கு நம் கதைகளில் ஒரே மருந்துதான். தெய்வம் வர வேண்டும். வந்தால் ஒரே இரவில் கவியாகிவிடலாம். வராதவர்களின் கதையை யாரும் எழுதி வைக்கவில்லை.

கதைகளை விட்டு இலக்கணத்துக்கு வந்தால் நிலைமை இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டு நன்னூலின் பொதுப்பாயிரத்தை ஆண்டுதோறும் முதலாண்டு மாணவர்க்கு நடத்துகிறேன். மாணாக்கரை அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்று பவணந்தியார் வரிசைப்படுத்தும் இடத்தில் வகுப்பு சிரிக்கும். அடுத்து, யாருக்குப் பாடம் சொல்லலாகாது என்ற பட்டியல் வரும். கள்வன், காமுகன், சினத்தன் ஆகியோரோடு ‘பிணிய’னும் ‘மந்த’னும் அதில் நிற்கிறார்கள். நோயாளியும் மந்தபுத்திக்காரனும் திருடனுக்குப் பக்கத்தில் நிறுத்தப்பட்டிருக்கிறார்கள்! அங்கே வகுப்பு சிரிப்பதில்லை. நாற்பது பேர் உள்ள அறையில் அந்தச் சொல்லை வீட்டிலோ பள்ளியிலோ தன் பெயராகவே கேட்டு வளர்ந்த ஒருவராவது இருப்பார்.

ஆனால் இதே பாயிரம்தான், பாடம் சொல்லும் முறையைக் கூறுமிடத்தில், கொள்கிறவனின் கொள்ளும் வகையை அறிந்து, அவன் மனம் ஏற்கும்படி ஆசிரியர் கொடுக்க வேண்டும் என்கிறது. இரண்டு விதிகளும் ஒரே நூலில், சில பக்க இடைவெளியில் உள்ளன. ஒன்று மந்தனை வெளியே நிறுத்துகிறது. மற்றது ஆசிரியனை அவனிடம் போகச் சொல்கிறது. தமிழ்நாட்டுக் கல்வி வரலாற்றை இவ்விரண்டு விதிகளுக்கும் இடையிலான இழுபறியாகவே படிக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இராமலிங்கர் பிறந்த காலத்துப் பள்ளிகளைப் பற்றி நமக்கு ஓரளவு நன்றாகவே தெரியும். சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822 ஜூனில் எல்லாக் கலெக்டர்களிடமும் பள்ளிக்கூடக் கணக்குக் கேட்டார். அடுத்த சில ஆண்டுகளில் வந்து சேர்ந்த விவரங்களைத் தொகுத்து 1826 மார்ச்சில் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள்; 1,88,650 மாணவர்கள்; அவர்களுள் பெண்கள் 4,540 பேர் மட்டுமே. படிவத்தில் சாதிவாரியாகக் கட்டங்கள் இருந்தன, ஆண் பெண் என்ற கட்டங்கள் இருந்தன. சேர்ந்தும் கற்க முடியாமல் நின்றுபோனவர்க்குக் கட்டம் இல்லை. எந்தக் காலத்துக் கணக்கிலும் அந்தக் கட்டம் எளிதில் வருவதில்லை.

அந்தத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளை முதலில் மணலில் எழுதினான். ஆசிரியர் அல்லது மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை அவன் விரலைப் பிடித்து அகரத்தை இழுப்பார்; வாய் ‘ஆனா’ என்று சொல்லும்; காது அதைக் கேட்கும்; கண் பார்க்கும்; விரல் நுனி மணலின் சொரசொரப்பை உணரும். பிறகுதான் ஓலையும் எழுத்தாணியும். எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம் எல்லாம் கூட்டமாகக் குரலெடுத்துச் சொல்லி மனத்தில் ஏறின. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த செந்தில் பாபு தமிழ்க் கணக்கறிவு பற்றி 2022இல் வெளியிட்ட நூலில், திண்ணையின் மனப்பாடம் வெறும் கிளிப்பிள்ளைப் பாடமன்று, அது கணக்கிடும் ஆற்றலையே நினைவின் வழியாகக் கட்டியெழுப்பும் முறை என்று காட்டியிருக்கிறார். இன்னொன்றும் உண்டு: ஆண்டு முடிந்தால் எல்லாரும் அடுத்த வகுப்புக்கு ஏற வேண்டும் என்ற ஏற்பாடே அங்கில்லை. ஒருவன் ஆறு மாதத்தில் அரிச்சுவடி முடிப்பான். இன்னொருவன் இரண்டு ஆண்டு எடுப்பான். இருவரும் ஒரே திண்ணையில்தான் இருப்பார்கள்.

சென்னை எழும்பூரில் இராணுவத்தாரின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதியை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், ஒருநாள் குதிரையில் போகும்போது தமிழ்ப் பிள்ளைகள் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். தம் விடுதியில் அதைப் புகுத்தினார். மூத்தவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் வழக்கத்தையும் சேர்த்தார். 1797இல் இலண்டனில் அதைப் புத்தகமாக்கினார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது உலகம் சுற்றியது. அதற்கும் ஒரு நூற்றாண்டுக்குப் பின், அமெரிக்காவில் கிரேஸ் பெர்னால்டு, எழுத்துக் கூட்ட முடியாத பிள்ளைகளைச் சொல்லின் வடிவை விரலால் தடவிக்கொண்டே உரக்கச் சொல்லவைத்துப் படிக்கக் கற்பித்தார். சாமுவேல் ஆர்ட்டனும் அன்னா கில்லிங்காமும் கண், காது, கை மூன்றையும் ஒருசேர இயக்கும் பயிற்சியை வகுத்தார்கள். இன்று கற்றல் குறைபாட்டுக்கான சிறப்பாசிரியர்கள் ஒரு தட்டில் மணலையோ அரிசியையோ பரப்பி எழுதவைப்பதைப் பார்க்கும் நம்மூர்ப் பாட்டிகள், இதற்கா பணம் வாங்குகிறீர்கள் என்று கேட்டால் வியப்பதற்கில்லை.

இதை வைத்துத் திண்ணையைப் பொற்காலமாக்கிவிடக் கூடாது. உத்தரத்தில் கட்டிய கயிற்றைப் பிடித்துத் தொங்கவிட்டு அடிக்கும் ‘கோதண்ட’மும் அதே திண்ணையில்தான் இருந்தது. சொன்னதைத் திருப்பிச் சொல்லாதவனே அதில் அதிகம் தொங்கியிருப்பான். பெரும்பாலான சாதியார்க்கும் பெண்களுக்கும் அந்தத் திண்ணையே எட்டாதது. வடலூரில் வள்ளலார் நிறுவிய ‘சன்மார்க்க போதினி’ என்ற பாடசாலையைப் பற்றிச் சொல்லும் வரலாறுகள், அதில் சிறுவர் முதல் முதியோர் வரை வயது வரம்பின்றிப் பயிலலாம் என்றிருந்ததையும், தமிழ், வடமொழி, ஆங்கிலம் மூன்றும் கற்பிக்க ஏற்பாடு செய்ததையும் குறிப்பிடுகின்றன. அப்பள்ளி நெடுநாள் நிலைக்கவில்லை. ஆயினும் வயது வரம்பை நீக்கியது சிறிய செயலன்று. பிந்திக் கற்பவனை அவமானப்படுத்துவது பெரும்பாலும் வயதுதான்.

அவர் 1867இல் தருமசாலையில் அடுப்பு மூட்டிய அதே காலத்தில் சென்னை மாகாணப் பள்ளிகளில் வேறொரு முறை வேரூன்றியது. தேர்வு அதிகாரி வந்து பிள்ளைகளை வாசிப்பிலும் எழுத்திலும் கணக்கிலும் சோதிப்பார். தேறியவர்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப மானியம். இங்கிலாந்தில் 1862இல் வந்த ஏற்பாட்டின் உள்ளூர் வடிவம் இது. ஆசிரியரின் வருமானம் பையனின் நாக்கில் தொங்கியது. தடுமாறுகிற பிள்ளை இதுவரை சுமையாக மட்டும் இருந்தான். இப்போது நட்டமாகவும் ஆனான். தேர்ச்சி விழுக்காட்டுக்காகப் பத்தாம் வகுப்புக்கு முன்பே பலவீனமான மாணவரை மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடும் இன்றைய தந்திரத்துக்கு வயது நூற்றைம்பதுக்கு மேல்.

இப்பிள்ளைகளுக்கு ஒரு பெயர் கிடைத்தது அதற்கும் பிறகுதான். இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியைச் சேர்ந்த பிரிங்கிள் மார்கன் என்ற மருத்துவர் 1896 நவம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு குறிப்பு எழுதினார். பெர்சி என்ற பதினான்கு வயதுச் சிறுவன். அறிவாளி, விளையாட்டில் சுறுசுறுப்பு. ஏழு வயதிலிருந்து பாடம் சொல்லியும் படிக்க வரவில்லை. தன் பெயரையே எழுத்து மாற்றி எழுதினான். ஆனால் 749ஐ 867ஆல் பெருக்கச் சொன்னபோது விரைவாகவும் சரியாகவும் பெருக்கினான். பாடம் முழுவதும் வாய்மொழியாகவே இருக்குமானால் இவன்தான் பள்ளியிலேயே கெட்டிக்காரன் என்று அவனுடைய ஆசிரியர் கருதியதையும் மார்கன் பதிந்திருக்கிறார். நம் எண்சுவடிப் பிள்ளைகளின் நடுவில் பெர்சியை உட்காரவைத்துப் பார்க்க ஆசையாக இருக்கிறது. ‘டிஸ்லெக்சியா’ என்ற சொல்லை ஜெர்மன் கண் மருத்துவர் ருடால்ப் பெர்லின் அதற்கு முன்பே ஆக்கியிருந்தார். ‘கற்றல் குறைபாடு’ என்ற பொதுப்பெயர் 1963இல் அமெரிக்கரான சாமுவேல் கிர்க்கின் வழியே பரவியது.

இக்குறைபாடு எங்கே இருக்கிறது என்பதைத் தமிழ் படித்தவர்க்கு விளக்குவது எளிது. தொல்காப்பியர்க்கு எழுத்து என்பது முதலில் ஒலி. நம் இலக்கணிகள் ஒலிவடிவு, வரிவடிவு என்று பிரித்துப் பேசினார்கள். பேச்சு பிறவியோடு வருகிறது; வரிவடிவு அப்படி வருவதன்று, சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மனிதன் செய்துகொண்ட கருவி. ஒலியை நுணுகிப் பிரித்து, அதற்குரிய வரியோடு சட்டென முடிச்சுப் போடும் வேலை சில மூளைகளில் தாமதமாகவும் தடுமாற்றத்தோடும் நடக்கிறது. கண்ணில் பழுதில்லை, காதில் பழுதில்லை, அறிவிலும் பழுதில்லை. கதை சொன்னால் புரிந்துகொள்கிற, கேள்வி கேட்டால் வாயால் சரியாகப் பதில் சொல்கிற பிள்ளை, அதே கதையைப் பக்கத்தில் பார்த்தால் வரியைத் தாண்டுகிறான், முதலெழுத்தைப் பார்த்து மீதியை ஊகிக்கிறான், நேற்று எழுதிய சொல்லை இன்று வேறுவிதமாக எழுதுகிறான். சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை வாயால் சொல்லச் சொன்னால் உருகிச் சொல்லிவிட்டு, தாளில் அரைப்பக்கம் தேறாமல் நிற்கும் மாணவர்களைக் கல்லூரி வரையிலும் பார்க்கிறேன். பன்னிரண்டு ஆண்டுகளை அவர்கள் எப்படிக் கடந்து வந்தார்கள் என்பதே தனி வரலாறு.

தமிழ் எழுத்துக்கு இதில் ஒரு தனிப் பங்குண்டு. ‘கொ’ என்ற எழுத்தை எடுத்துக்கொள்வோம். காதில் முதலில் விழுவது ககர மெய். கை முதலில் எழுத வேண்டியதோ கொம்பு. பிறகு ககரம், பிறகு கால். ஒலியின் ஓர் அலகு மூன்று துண்டாகி, வரிசை மாறி நிற்கிறது. ல, ள, ழ, ர, ற, ந, ன, ண ஆகியவை பல வட்டாரப் பேச்சுகளில் ஒலி வேறுபாடின்றி வரியில் மட்டும் வேறுபடுகின்றன. எகர ஏகார வடிவங்களைத் தெளிவுபடுத்திய வீரமாமுனிவரும், 1935இல் குடியரசு இதழில் சீர்திருத்த எழுத்துகளை நடைமுறைப்படுத்திய பெரியாரும் இப்பிள்ளைகளை மனத்தில் வைத்துச் செய்தார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் 1978இல் தமிழக அரசு அச்சீர்திருத்தத்தின் ஒரு பகுதியை ஏற்றபோது ணா, றா, னா, ணை, லை, ளை, னை ஆகியவற்றோடு ணொ, ணோ முதலிய ஆறும் சேர்ந்து பதின்மூன்று விதிவிலக்குகள் ஒழிந்தன. பதின்மூன்று என்பது நமக்கு அற்பம். எழுத்தோடு மல்லுக்கட்டும் ஏழு வயதுப் பிள்ளைக்கு அது ஒரு பருவத்துப் போராட்டம். உகர ஊகார வரிசை இன்னும் அப்படியே இருக்கிறது. கு, டு, து, பு என ஒவ்வொன்றுக்கும் தனிவால்.

சோனாலி நாக் 2007இல் கன்னடப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு இங்கே பயன்படும். இருபத்தாறு எழுத்துகளோடு முடிந்துவிடும் ஆங்கிலம்போல் அல்லாமல், நூற்றுக்கணக்கான உயிர்மெய் வடிவங்களைக் கொண்ட எழுத்துமுறையில் எழுத்தறிமுகமே நான்காம் வகுப்பு வரையிலும் நீள்கிறது என்று அது காட்டியது. தமிழுக்கும் இது பெருமளவு பொருந்தும் என்பது என் கருத்து. எனவே இரண்டாம் வகுப்பில் திணறுகிற எல்லாரையும் குறைபாடுடையவர் என்று முத்திரை குத்துவது தவறு. ‘போகப் போகச் சரியாகிவிடும்’ என்று நான்கு ஆண்டு சும்மா இருப்பதும் தவறு. கண்ணையும் காதையும் சோதித்த பிறகு, பசியில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகு, தனிக் கவனம் கொடுத்தும் ஒலிக்கும் வரிக்கும் முடிச்சு விழவில்லை என்றால், அப்போது சிறப்பாசிரியரைத் தேட வேண்டும்.

பசியைச் சொன்னதும் பாப்பாத்தி அம்மாளின் நினைவு வருகிறது. வள்ளலார் வரலாறுகளில் அவருக்குக் கிடைத்திருப்பது சில வரிகள்தாம். ஆனால் கற்றல் குறைபாடுள்ள பிள்ளையின் வீட்டுக்கு இன்று வல்லுநர்கள் சொல்லும் முதல் அறிவுரையை அவர் ஏட்டறிவின்றிச் செய்திருக்கிறார்: படிப்பையும் சோற்றையும் தனித்தனியே வைத்தார். மதிப்பெண் வந்தால் அன்பு, வராவிட்டால் முகம் திருப்பல் என்ற பேரத்துக்குள் அவர் போகவில்லை. அண்ணன் சபாபதியைக் கொடியவராகக் காட்டுவதும் நியாயமன்று. தகப்பனில்லாத வீட்டில், வாய்ப்பேச்சால் பிழைக்கும் மனிதர், தம்பி எப்படிப் பிழைப்பான் என்று அஞ்சினார். இன்று இரவு பதினொரு மணி வரை பிள்ளையை அடித்து எழுதவைக்கும் தகப்பனிடமும் அந்த அச்சம்தான் இருக்கிறது. அச்சம் உண்மையானது; வழிதான் பயனற்றது. பத்து முறை எழுது என்றால் தவறான வடிவம் பத்து முறை பதியும். அதைவிட, நாளுக்கு அரைமணி, ஒரே எழுத்துக் குடும்பம், மணலிலோ அரிசியிலோ விரலால் எழுதி உரக்கச் சொல்வது பயன் தரும். பாடத்தைப் பெரியவர் வாசிக்கப் பிள்ளை கேட்டுப் புரிந்துகொள்ளலாம். எழுத்து வருமளவும் அறிவைப் பட்டினி போட வேண்டிய தேவையில்லை. தங்கையோடு ஒப்பிடாமலிருப்பது எல்லாவற்றிலும் கடினம்.

தமிழகத்தில் இதற்கென்று முனைப்பு தோன்றியது மிக அண்மையில். 1990களின் தொடக்கத்தில் சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் உருவாயிற்று. 1995இல் வந்த ஊனமுற்றோர் சட்டம் ஏழுவகை ஊனங்களை எண்ணியது. அந்த ஏழில் கற்றல் குறைபாடு இல்லை. 2007 டிசம்பரில் வெளியான ‘தாரே ஜமீன் பர்’ திரைப்படம் அச்சொல்லை வீடுகளுக்குக் கொண்டு சேர்த்தது. எனக்கு அப்படத்தின்மீது நன்றியும் உண்டு, ஒரு குறையும் உண்டு. அதன் சிறுவன் கடைசியில் ஓவியப் போட்டியில் வெல்கிறான். மீண்டும் அதே காளமேகக் கதை! எழுத்து வராத ஒவ்வொரு பிள்ளைக்குள்ளும் மறைந்திருக்கும் மேதையைத் தேடிக் களைத்துப்போன தாய்மார்களை நான் அறிவேன். ஓவியமும் வராத, பாட்டும் வராத, வெறுமனே நல்ல பிள்ளையாக மட்டும் இருக்கும் பிள்ளைக்கும் எழுத்துக் கற்கும் உரிமை உண்டு.

அந்த உரிமையைச் சட்டம் எழுத்தில் கொடுத்தது 2016இல். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளுள் ஒன்றாகக் குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டைச் சேர்த்தது. பிள்ளைகளிடம் அதை இயன்ற அளவு முன்னதாகக் கண்டறிவது கல்வி நிறுவனங்களின் கடமை என்றும் வகுத்தது. 2018 ஜனவரியில் வந்த நெறிமுறைகள் எட்டு வயதுக்கு மேல் சான்றிதழ், பிறகு 14இலும் 18இலும் மறுசோதனை என்று ஏற்பாடு செய்தன. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாடங்களுள் ஒன்றிலிருந்து விலக்கு ஆகிய சலுகைகள் உண்டு. ஆனால் சலுகை பத்தாம் வகுப்பில் கைக்கு வருகிறது; கண்டுபிடிக்க வேண்டிய காலமோ இரண்டாம் மூன்றாம் வகுப்பு. வட்டார வளமையத்துச் சிறப்பாசிரியர் ஒருவர் பல பள்ளிகளைச் சுற்றிவர வேண்டியிருக்க, அந்த வயதில் பிள்ளையை நாள்தோறும் பார்ப்பவர் வகுப்பாசிரியர் மட்டுமே. தமிழில் தரப்படுத்திய சோதனைக் கருவிகளும் வாசிப்பு ஏணிகளும் ஆங்கிலத்தில் உள்ள அளவுக்கு இல்லை. இவற்றை ஆக்குவது மருத்துவரால் மட்டும் ஆகாது; எழுத்தின் ஒலியும் வடிவும் அறிந்த தமிழாசிரியர்கள் உடன் உட்கார வேண்டிய வேலை அது. நம் தமிழ்த்துறைகளில் பிள்ளைத்தமிழுக்கு நூறு ஆய்வேடுகள் உண்டு. பிள்ளைகள் தமிழை எப்படி வாசிக்கிறார்கள் என்பதற்குத் தேடித்தான் எடுக்க வேண்டும்.

மார்ச்சு மாதத் தேர்வுக்கூடங்களில் இப்போது தனியறை ஒன்று ஒதுக்கப்படுகிறது. உள்ளே ஒரு மாணவன், அருகில் எழுதித் தருபவர் ஒருவர். அவர் வினாவை வாசிக்கிறார்; மாணவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறான்; பிறகு விடையைச் சொல்லத் தொடங்குகிறான்.